ஆகா ஷாகித் அலியின் கவிதைகள்: வாசக அனுபவங்கள்

தில்லி வாசகி:
ஆங்கிலத்தில் எழுதிய கவிஞர் ஷாகித் ஸ்ரீநகரில் வளர்ந்து 1976இல் அமெரிக்கா சென்றவர் என்பது இங்குள்ளோர் அறிந்ததே. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டபோது, எங்கள் விடுதியிலிருந்த ஸ்ரீநகர்ப் பெண் தன் தாயின் எண்ணை விடாமல் அழைத்துக்கொண்டிருந்தாள். தொடர்பு கிடைக்கவில்லை என்று சொல்லும் அந்தப் பதிவுக் குரலை ஒவ்வொரு முறையும் இறுதிவரை கேட்ட பிறகே வைத்தாள். அன்றிரவு ‘தபால் நிலையம் இல்லாத நாடு’ தொகுப்பை மறுபடி எடுத்தேன். 1990இல் காஷ்மீரில் கடிதங்கள் மாதக்கணக்கில் பட்டுவாடா ஆகாமல் குவிந்து கிடந்ததிலிருந்து பிறந்த கவிதை அதில் உண்டு. அவள் ஏன் அந்தக் குரலை முழுவதும் கேட்டாள் என்பது இன்றும் என்னை விடவில்லை.

நெல்லை வாசகர்:
எனக்கு ‘காஷ்மீரிலிருந்து ஓர் அஞ்சலட்டை’. சொந்த ஊர் நாலுக்கு ஆறு அங்குல அட்டைக்குள் அடங்கிவிடுகிற கவிதை. துபாயில் வேலை பார்த்தபோது தாமிரபரணிப் படித்துறையின் படம் ஒன்றை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தேன். விடுப்பில் வந்து அதே படியில் நின்றபோது, எதிரே ஓடிய ஆற்றை விட்டுவிட்டு, படத்திலிருந்த பச்சையைத் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் போகும்போது நிறங்கள் இவ்வளவு பளிச்சென்று இருக்கமாட்டா, ஜீலம் நதி இவ்வளவு தெளிந்த நீலமாக ஓடாது என்று அந்தக் கவிதை சொல்கிறது. தில்லி சகோதரி கண்டதும் இந்த ஏக்கமே.

மதுரை வாசகர்:
நெல்லை நண்பரின் கடைசி வரியை என்னால் ஏற்க இயலவில்லை. அஞ்சலட்டைக் கவிதை 1987இல் வந்த தொகுப்பில் உள்ளது. பள்ளத்தாக்கில் ஆயுதக் கிளர்ச்சி அதன் பிறகே மூண்டது. அங்கே கவிஞரை ஊரிலிருந்து பிரிப்பவை தூரமும் காலமும். 1997இல் வந்த ‘தபால் நிலையம் இல்லாத நாடு’ தொகுப்பில் பிரிப்பவை ஊரடங்கும் துப்பாக்கியும். ஊருக்குப் போக முடிந்தும் ஏங்குபவரையும், தாய் உயிரோடு இருக்கிறாரா என்றே அறிய முடியாதவரையும் ஒரே ஏக்கத்தில் சேர்ப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி.

என் தாய் மறைந்த ஆண்டில், ஷாகித் தம் தாயின் உடலை அமெரிக்காவிலிருந்து காஷ்மீருக்குக் கொண்டுசென்றதைப் பாடும் கவிதைகளைத் தொடங்கி, விமானத்தில் பெட்டி ஏற்றப்படும் இடத்துக்கு மேல் படிக்க இயலாமல் மூடிவிட்டேன். ஆகவே புதியவர்கள் 2001இல் வந்த அந்தத் தொகுப்பில் தொடங்க வேண்டாம். அஞ்சலட்டையில் தொடங்கி, தபால் நிலையத்துக்கு வந்து, பிறகு ஈரடிகளால் ஆன கஜல் வடிவில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய கவிதைகளுக்குச் செல்லுங்கள். காஃபியா என்னும் இயைபு, அதை அடுத்து ஈரடியின் முடிவில் திரும்பத் திரும்ப வரும் ரதீஃப் என்னும் சொல் ஆகியவற்றின் விதிகளை ஆங்கிலத்திலும் தளர்த்தக் கூடாது என்று வாதாடியவர் அவர். ஆகவே கஜல்களை வாய்விட்டுப் படியுங்கள், ஈரடிக்கு ஈரடி நிறுத்திப் படியுங்கள்.