நாய்ட வாய் தாங்கேலாத நாத்தம், என்ன செய்யலாம்?

உப்புவெளிக்காரி: எங்கட பொமரேனியனுக்கு ஏழு வயசு, இப்ப கொஞ்ச நாளா கிட்டப் போகேலாது அவ்வளவு நாத்தம், கடவாப்பல்லில மண்ணிறமா ஏதோ கட்டியா ஒட்டியிருக்கு. நாங்க பாவிக்கிற பற்பசையால தேய்ச்சு விடலாமா? அம்மா சொல்றா மீன் தலை குடுக்கிறதாலதான் நாறுதாம்.

திருமலைப் பொடியன்: ஐயோ எங்கட பேஸ்ட் வேணாம் அக்கா, நாய்க்குத் துப்பத் தெரியாதே எல்லாத்தையும் விழுங்கிடும், ஃபுளோரைட் கூடாது, சிலதில சைலிட்டோல் எண்டொரு இனிப்பு வேற இருக்கும், அது நாய்க்கு நஞ்சு, ரத்தத்தில சீனி சடாரெண்டு இறங்கிடும். நாய்க்கெண்டே பேஸ்ட் விக்குது. கிடைக்காட்டி ஈரத்துணிய விரல்ல சுத்தி பல்லின்ட வெளிப்பக்கம் தேய்ங்க, ஒவ்வொரு நாளும்.

நிலாவெளி: மீன் தலை பாவம், அதில பழி போடாதீங்க 😄 சின்னச் சாதி நாய்க்கும் 42 பல்லுதான், அந்தக் குட்டி வாய்க்குள்ள நெருக்கிக்கொண்டு நிக்கும், இடுக்கில அழுக்கு சேர்ந்து கல்லாகிடும். கல்லானபிறகு தேய்ச்சுப் போகாது, மிருக வைத்தியர் மயக்கம் குடுத்து பல்லு முரசுக்குக் கீழயும் சுரண்டி எடுக்கணும்.

மூதூரான்: எலும்பு கடிச்சா தானா சுத்தமாகும்தானே?

நிலாவெளி: அவிச்ச கோழி எலும்பு மட்டும் குடுத்திடாதீங்க, ஊசி மாதிரி உடைஞ்சு தொண்டை, குடலெல்லாம் குத்தும். மாட்டெலும்பில பல்லே வெடிக்கும். தங்கச்சி, முரசில ரத்தம் வருதா, ஒரு பக்கமா மெல்லுதா எண்டு பாருங்க, அப்பிடியெண்டா நாளைக்கே காட்டுங்க.