வெப்பந்தாங்கு ஆல்டிஹைடு ஹைட்ரஜன்நீக்கி: ஒரு சொல்லாக்கப் பரிந்துரை

ஆல்டிஹைடு என்னும் கரிமச் சேர்மவகையை அமிலமாக்கும் நொதி ‘aldehyde dehydrogenase’; அதில் வெப்பத்தால் கெடாத வகை ‘thermostable’ எனப்படும். இதற்குத் தமிழ்ப்பெயராக வந்த ‘ஆல்டிஹைடு நச்சுமுறி’ என்னும் முன்மொழிவு செவிக்கு இனிமையானதே. ஆயினும் ஒரு நொதியின் பெயராக அதை ஏற்பதில் எனக்கு உடன்பாடில்லை. நொதியின் பெயர் அது நிகழ்த்தும் வினையைச் சொல்ல வேண்டும். அவ்வினையால் உயிருக்கு விளையும் நன்மையோ இடத்துக்கு இடம் மாறும். மது அருந்தியவரின் கல்லீரலில் உண்டாகும் அசிட்டால்டிஹைடை அசிட்டிக் அமிலமாக்கும்போது இந்நொதி நஞ்சை முறிக்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு நொதி, வைட்டமின் ஏ தரும் ரெட்டினாலை ரெட்டினாயிக் அமிலமாக்கிக் கருவின் வளர்ச்சிக்கு உதவுகிறது. அங்கே அதன் பணி, செல்களுக்குச் செய்தி சொல்லும் சைகைப்பொருளை ஆக்குவது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர் உடலிலோ, ஃபார்மால்டிஹைடு மாறி உண்டாகும் ஃபார்மிக் அமிலமே பார்வை நரம்பைக் கெடுக்கிறது. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் நேர்ந்த சாவுகளை மறவாத வாசகர், அந்த மாற்றத்திலும் பங்கேற்கும் குடும்பத்துக்கு ‘நச்சுமுறி’ என்று பெயரிருந்தால் குழம்பவே செய்வார்.

வினையையே பெயராக்கலாம். நொதியின் வினை நிகழும் குழியிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணு ஆல்டிஹைடின் கார்பனைப் பற்றுகிறது. அக்கார்பனிலிருந்த ஹைட்ரஜன், இரண்டு எலக்ட்ரான்களோடு ஹைட்ரைடாகி, என்ஏடி என்னும் துணைநொதியைச் சேர்கிறது. பின்னர் குளூட்டமேட்டு என்ற மற்றோர் அமினோ அமிலத்தின் துணையோடு வரும் நீர் மூலக்கூறு, கந்தகத்துக்கும் கார்பனுக்கும் இடையே எஞ்சிய தயோஎஸ்டர் பிணைப்பை அறுத்து அமிலத்தை விடுவிக்கிறது. மனித மைட்டோகாண்ட்ரியாவின் நொதியில், அமினோ அமிலங்களை வரிசையாக எண்ணினால், இந்தச் சிஸ்டீன் 302ஆம் இடத்திலும் குளூட்டமேட்டு 268ஆம் இடத்திலும் உள்ளன. நடுவே நிகழும் ஹைட்ரைடு மாற்றத்தைக் கருதியே ‘ஹைட்ரஜன்நீக்கி’ என்கிறேன்.

‘Thermostable’ என்பதற்கான அடைமொழியிலும் கவனம் தேவை. ‘வெப்பநிலைத்த’ என்பதைப் படிப்பவர் கண் ‘வெப்பநிலை’யில் இடறும். ‘வெப்பவிரும்பி’ உயிரிக்குப் பொருந்தும். ஜப்பானின் இசு தீபகற்பத்து வெந்நீரூற்றில் கிடைத்து, 1974இல் விவரிக்கப்பட்ட தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியம் ஏறக்குறைய 70 பாகை செல்சியசில் செழிக்கிறது. அதன் நொதி வெப்பத்தை விரும்புவதில்லை, உருக்குலையாமல் தாங்குகிறது. அந்த பாக்டீரியத்தின் ஆல்டிஹைடு ஹைட்ரஜன்நீக்கியில் புரதச் சங்கிலியின் கடைமுனை கைபோல் நீண்டு, துணையலகுகள் என்னும் பல புரதச் சங்கிலிகள் சேர்ந்த கட்டமைப்பை உறுதிப்படுத்துகிறது. இந்த அமைப்பை அறிந்தவருக்குத் ‘தாங்கு’ என்ற வினையடி எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும்.

பெயர் நீளம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ‘ஆல்டிஹைடுநீக்கி’ என்று சுருக்கிவிடக் கூடாது. நீங்குவது ஹைட்ரஜன், ஆல்டிஹைடோ அமிலமாகிறது. கட்டுரைக்குள் ஒருமுறை முழுப்பெயரை எழுதிவிட்டு, அடுத்தடுத்த இடங்களில் ‘இந்நொதி’ என்றே குறிக்கலாம். ‘நச்சுமுறிப்பு’ என்ற அழகிய சொல்லை, அசிட்டால்டிஹைடு போன்றவற்றில் இந்நொதியின் பணியை விளக்கும் இடத்துக்கு வைத்துக்கொள்வோம்.