சீலிங் ஃபேன் கரகர சத்தம்: எண்ணெயா, பேரிங்கா?

கேள்வி: வாரண்டி முடிஞ்சாச்சு. இறக்கை ஸ்க்ரூ எல்லாம் முறுக்கியும் கரகரப்பு போகல. எண்ணெய் விட்டால் போதுமா?

பதில் 1: மெயினை அணைச்சுட்டு கையால் சுற்றிப் பாருங்க. அப்பவும் கரகரத்தால் பேரிங்தான் (நடுத்தண்டைத் தாங்கும், உள்ளே சின்னக் குண்டுகள் உருளும் வளையம்). குறைந்த வேகத்தில் மட்டும் ரீங்காரம்னா ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்க.

பதில் 2: எண்ணெய் வேண்டவே வேண்டாம். பேரிங் உள்ளே இருக்கிற கிரீஸைக் கரைச்சிடும். நாலு நாள் அடங்கி மறுபடி கத்தும். பேரிங் மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்க. பெரும்பாலும் 6202 நம்பர் பேரிங் (உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, தடிமன் 11 மி.மீ.). சிலதில் ஒன்று 6201 இருக்கும். பழையதில் பொறித்த நம்பரைப் பார்த்தே வாங்குங்க.

பதில் 3: புது பேரிங்கை ஷாஃப்ட்டில் (நடுத்தண்டில்) ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் தட்டணும். வெளிவளையத்தில் தட்டினால் குண்டு ஓடும் தடத்தில் பள்ளம் விழும், புதுசும் கத்தும். கழற்றும் முன் மோட்டார் மூடிகளில் மார்க்கர் கோடு போட்டுக்கோங்க, திரும்ப அதே நிலையில் பொருத்தலாம்.