முன்னாடி நிக்கிற அஞ்சு பேரு

குரூப்: நம்ம வீடு (கோயம்புத்தூர் – கேன்டன்)

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

அண்ணன் (சிகாகோ): அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பால் ஏபி போல் வந்துருச்சு பாத்தீங்களா, ரிப்போர்ட்டருங்க ஓட்டு போட்டு டீம வரிசப்படுத்தற லிஸ்ட்டு. ஜார்ஜியா 1, ஓஹியோ ஸ்டேட் 2, ஆரிகன் 3, டெக்ஸஸ் 4. நம்ம மிச்சிகன் 9

அண்ணன் (சிகாகோ): ஜனவரி 8 கப்ப தூக்குன டீமுக்கு ஒன்பதாவது எடம். 15 மேட்ச் ஆடி 15-ம் ஜெயிச்சவங்க நாம

பெரியப்பா: அது போன வருச டீமு சாமி. ஹெட் கோச் ஹார்பா என்எஃப்எல் டீம் சார்ஜர்ஸுக்கு போயாச்சு, பந்து எறியற குவாட்டர்பேக் மெக்கார்த்தி போயாச்சு, பந்த தூக்கிட்டு ஓடற கோரம் போயாச்சு, டிஃபென்ஸ் கோச் மின்டரும் ஹார்பா பின்னாடியே கெளம்பிட்டாரு, காசுக்கு ஆடற என்எஃப்எல் டீமுங்க காலேஜ் பசங்கள எடுக்கற ஏப்ரல் டிராஃப்ட்ல நம்ம பசங்க மட்டும் 13 பேரு. அறுப்பு முடிஞ்ச வயல்ல நின்னுட்டு கதிர எண்ணிட்டு இருக்க நீ. 9 குடுத்ததே பெருசு

மாமா (கொலம்பஸ்): மச்சான் சொல்றது நியாயம்ங்க

அண்ணன் (சிகாகோ): மாமா நீங்க ஓஹியோ ஸ்டேட் ஆளு, அப்படித்தான் சொல்வீங்க. மூணு வருசமா எங்க கிட்ட தோத்தத மறந்துட்டீங்களா

மாமா (கொலம்பஸ்): மறப்பனா. 42-27, 45-23, 30-24. மூணு ஸ்கோரும் மனப்பாடம்டா. ஒவ்வொரு தடவையும் அந்த ராத்திரி சோறு எறங்கல எனக்கு. அதனாலதான் இந்த வருசம் எங்காளுங்க விடல, அலபாமால இருந்து கேலப் டவுன்ஸ், ஓல் மிஸ்ல இருந்து ஜட்கின்ஸ், கான்சஸ் ஸ்டேட்ல இருந்து வில் ஹோவர்ட்னு ஆள் எடுத்துருக்காங்க, என்எஃப்எல் போயிருக்க வேண்டிய இக்புக்கா, சாயர், துய்மொலோவ், ஹென்டர்சன் எல்லாம் அந்த ஒரு மேட்சுக்காகவே இன்னொரு வருசம் தங்கிட்டாங்க. நவம்பர் 30 கொலம்பஸ்ல. எல்லாரும் என் வீட்டுக்கு வந்துருங்க

பெரியம்மா: தம்பி அதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. புள்ள ஹாஸ்டல்ல சாப்டானா இல்லையான்னு எவனாவது கேட்டீங்களா

நான்: சாப்டேன் பெரியம்மா. பெரியப்பா எனக்கு ஒண்ணு சொல்லுங்க, நான் மிச்சிகன் யுனிவர்சிட்டிக்கு ஆன் ஆர்பர் வந்து பத்து நாளுதான் ஆச்சு, லேப்ல எல்லாரும் கேம்ப் கேம்ப்னு இதே பேச்சு. வெளியூர் எங்கயாவது கூட்டிட்டு போய் தங்க வெப்பாங்களா

அக்கா: இல்லடா, இங்கயேதான், டீமோட கட்டடம் ஷெம்பெக்லர் ஹால் பக்கத்துல. ஸீசனுக்கு முன்னாடி நாலு வாரம் மொத்தம் 25 ப்ராக்டீஸ். முதல் ரெண்டு நாள் ஹெல்மெட் மட்டும் போட்டு ஓட விடுவாங்க, அப்புறம் ஷோல்டர் பேட், உடம்பு வெயிலுக்கு பழகினப்புறம்தான் முழு பேட் போட்டு மோத விடுவாங்க. வெளியாளுக்கு அனுமதி கெடையாது, கோச் பேட்டில சொல்றதும் ரிப்போர்ட்டருங்க காதுக்கு வர்றதும் தான் நமக்கு சேதி

நான்: அப்ப ஒண்ணுமே பாக்காம எல்லாரும் இவ்ளோ சண்ட போடறீங்களா

அக்கா: ஆமா. ஆகஸ்ட் மாசம் பூரா இதே வேலதான்

18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

அண்ணன் (சிகாகோ): சரி இப்ப எல்லாரும் சொல்லுங்க, குவாட்டர்பேக் யாரு. என் ஓட்டு ஓர்ஜிக்கு. போன வருசம் ஓஹியோ ஸ்டேட் மேட்ச்ல நடுவுல வந்து ஓடுனானே, அந்த ஒடம்புக்கும் காலுக்கும் எதிர்ல நிக்கறவன் யோசிக்கணும்

அக்கா: ஓடுவாரு சரி, பால் எறிவாரா? இங்க வந்ததுல இருந்து அவர் பாஸ் போட்டு நாம பாத்ததே இல்லன்னு சொல்லலாம். எனக்கு வாரன் தான். ஸ்கூல் படிக்கறப்ப ரத்தப் புத்துநோய் வந்து கீமோ எடுத்துட்டு, எந்த காலேஜும் ஸ்காலர்ஷிப் குடுக்காம, சும்மா வாக்-ஆனா வந்து சேந்த பையன் இப்ப சாம்பியன் டீமோட குவாட்டர்பேக் எடத்துக்கு போட்டி போடறாரு. இந்த வாரம் எங்க யுனிவர்சிட்டி மியூசிக் பேண்ட் கேம்ப்பும் ஆரம்பிச்சாச்சு, காலைல இருந்து வெயில்ல கிளாரினெட்ட தூக்கிட்டு அஞ்சு கெஜத்துக்கு எட்டு அடின்னு கணக்கு மாறாம நடந்து நடந்து எனக்கு முட்டி விட்டுப்போச்சு, அப்ப எல்லாம் அவரதான் நெனச்சுக்கறேன்

அண்ணன் (சிகாகோ): கதை நல்ல கதைதான், நானும் அவனுக்காக வேண்டிக்குவேன். ஆனா செப்டம்பர் 7 டெக்ஸஸ் வருது. குவாட்டர்பேக் யூவர்ஸ், கோச் சார்க்கிசியன், போன வருசம் 12 மேட்ச் ஜெயிச்ச டீம். பாவம் பாத்து ஆள எறக்க முடியாது

அக்கா: பாவமா? கை நல்லா இருக்குன்னு சொல்றேன். பாவம்னு யாரு சொன்னா

நான்: டட்டில்னு ஒருத்தர் பேரும் அடிபடுதே

அண்ணன் (சிகாகோ): ஏழாவது வருசம் காலேஜ்ல. அடிபட்டு அடிபட்டு ஒடம்பு ஒத்துழைக்கல, கேம்ப்லயும் பாதி நாள் ஓரமா நிக்கறாருன்னு பேச்சு

பெரியப்பா: நீங்க ரெண்டு பேரும் ஒரு வாரமா இதே பேசிட்டு இருக்கீங்க, நான் வாய மூடிட்டு பாத்துட்டு இருந்தேன். குவாட்டர்பேக் யாருன்னாலும் அவனுக்கு மூணு செகண்ட் வேணும். அந்த மூணு செகண்ட குடுக்கறது யாரு? முன்னாடி நிக்கிற அஞ்சு பேரு, எதிராளிய தடுக்கற லைன். போன வருசம் நின்ன லடேரியஸ் ஹென்டர்சன், கீகன், நியூஜென்ட், ஸின்டர், பார்ன்ஹார்ட், மாத்தாளா வந்த ட்ரென்ட்டே ஜோன்ஸ், ஆறு பேரும் போயிட்டாங்க. ஒருத்தன் பாக்கி இல்ல. அதப்பத்தி இந்த குரூப்ல ஒரு மெசேஜ் வந்துருக்கா

அண்ணன் (சிகாகோ): ஹின்டன் இருக்கான்பா, எல்-ஹாதி இருக்கான், ரெண்டு பேரும் போன வருசமே ஆடுனவங்கதான். நார்த்வெஸ்டர்ன்ல இருந்து ப்ரீபி வந்துருக்கான்

பெரியப்பா: தனித்தனியா எல்லாம் நல்ல பசங்கதான், நான் இல்லைங்கல. எல்-ஹாதி நம்ம ஸ்டெர்லிங் ஹைட்ஸ் பையன், ப்ரீபியும் இந்த ஸ்டேட்காரன்தான். ஆனா நடுவுல நிக்கற சென்டர் யாருன்னு இன்னும் முடிவாகல, வலது ஓரத்துல நிக்கற ரைட் டேக்கிள் இவான் லிங்க்கா ஜென்ட்ரியான்னு முடிவாகல. அஞ்சு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு ஒரு முழு மேட்ச் ஆடுனதே இல்ல

பெரியப்பா: போன நவம்பர் 25 ஓஹியோ ஸ்டேட் மேட்சுக்கு நான் ஸ்டேடியத்துல இருந்தேன், எல்லாருக்கும் தெரியும். மூணாவது குவாட்டர், 17-17. ஸின்டர் கீழ விழுந்தான், எந்திரிக்கல. கால் ஒடஞ்சுருச்சு. ஒரு லட்சத்துக்கு மேல ஜனம் இருக்கற எடத்துல என் பக்கத்து சீட்டுக்காரர் மூச்சு விடற சத்தம் எனக்கு கேட்டுச்சு. வண்டில ஏத்தி கொண்டு போறாங்க, மொத்த டீமும் மைதானத்துக்கு வந்து நிக்குது, அவன் பேர சொல்லி ஜனம் கத்துது. அந்த எடத்துக்கு பார்ன்ஹார்ட் ஒரு எடம் உள்ள தள்ளி வந்தான், ஜோன்ஸ் ஓரத்துக்கு வந்தான். அடுத்த ப்ளே. அதுக்கு அடுத்ததுகூட இல்ல, அடுத்த ப்ளேவே கோரம் 22 கெஜம் ஓடி கோட்ட தாண்டி டச் டவுன். ஓடி முடிச்சுட்டு கை விரல்ல 65-ன்னு காட்டுனான், ஸின்டர் நம்பரு. அழுதுட்டேன்

பெரியப்பா: இப்ப சொல்லு, கோரம் ஓடுனது கோரம் காலுனாலயா? ஒருத்தன் போனதும் ரெண்டு பேரு எடம் மாறி நின்னும் அந்த சந்து தெறந்துச்சு பாரு, அதான் லைன். வருசக்கணக்கா ஒண்ணா நின்ன பசங்க, பேசிக்கவே வேண்டாம். இந்த பசங்களுக்கு அது நாலு வாரத்துல வந்துருமா? அந்த பயம்தான் எனக்கு

மாமா (கொலம்பஸ்): அந்த ப்ளே எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்குதுங்க மச்சான். நானும் வீட்ல ஸின்டருக்காக எந்திரிச்சு நின்னேன். அடுத்த ப்ளேல ஒக்காந்தவன் அப்படியே ஒக்காந்துட்டேன்

பெரியப்பா: தெரியும் மாப்ள, அன்னைக்கு ராத்திரி நீதான மொதல்ல போன் பண்ண

தாத்தா: எல்லாரும் பேசறத பாத்துட்டுத்தான் இருக்கேன் கண்ணு. மகன் சொல்றதுதான் எனக்கும் சரின்னு படுது. நம்ம தோட்டத்துல ஏர் பூட்டறப்ப செவலையும் மயிலையும் ஒரு ஜோடி இருந்துச்சு, உங்கப்பனுக்கு நாபகம் இருக்கும். மயிலை செத்தப்பறம் பொள்ளாச்சி சந்தைல போயி அதவிட பலமான மாடு புடிச்சுட்டு வந்தேன், அதவிட ஒசரம். செவலைக்கு எடத்துப் பக்கம் பழக்கம், புதுசுக்கும் எடத்துப் பக்கம்தான் பழக்கம், வலத்துல கட்டுனா நுகத்தடி கோணுது, ஒண்ணு ரெண்டடி முன்ன போவுது, ஒண்ணு நின்னு பாக்குது. மாடு ரெண்டும் நல்ல மாடுதான். கால் ஒண்ணு சேர ஆடி மாசம் பூரா ஆச்சு

பெரியப்பா: அப்பா இதவிட நல்லா எந்த ரிப்போர்ட்டரும் எழுதல

அக்கா: தாத்தா 👏👏

நான்: தாத்தா விசிட்டர் விசால வந்து நாலு மாசத்துல இவ்ளோ கத்துக்கிட்டீங்களா

தாத்தா: பழைய மேட்ச் எல்லாம் போட்டுக் காட்றான். எனக்கு கபடி மாதிரிதான் இருக்கு, கை கோத்து நிக்கறவன் விட்டுட்டா அவ்ளோதான்

அண்ணன் (சிகாகோ): சரி லைன் பயம் ஒத்துக்கறேன். ஆனா லைன் கட்டத் தெரிஞ்சவரே இப்ப ஹெட் கோச். ஷெரோன் மூர் லைன் கோச்சா இருந்தப்பதான் 2021, 2022 ரெண்டு வருசமும் நாட்டுலயே நல்ல லைனுக்கு குடுக்கற ஜோ மூர் அவார்டு வந்துச்சு. ஹார்பா சஸ்பென்ஷன்ல இருந்தப்ப பென் ஸ்டேட்ட அவங்க ஊர்லயே, கடைசில வரிசையா 32 தடவ ஓட்டமே ஓட்டி ஜெயிச்சவரு. பேட்டில அப்படி அழுதாரே மனுசன்

பெரியப்பா: அதுதான் எனக்கும் தெம்பு. லைனுக்கு இப்ப கிராண்ட் நியூஸம் கோச்சு. 2016 விஸ்கான்சின் மேட்ச்ல கால்ல அடிபட்டு, கால எடுக்கற நெலமைக்குப் போய் தப்பிச்சவன், அதோட ஆட்டம் முடிஞ்சுச்சு. அவன் சொன்னா அந்த பசங்க கேப்பாங்க

மாமா (கொலம்பஸ்): உங்க டிஃபென்ஸ்தாங்க எங்களுக்கு பயம், நேராவே சொல்றேன். நடுவுல மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்ட்டும் நிக்கறப்ப எவன் உள்ள போவான். ஓரத்துல வில் ஜான்சன். அந்த பக்கம் பந்து எறியவே கூடாது

அக்கா: ராட் மூர் மட்டும் இருந்திருந்தா 😢 ஸ்ப்ரிங்லயே முட்டி போயிருச்சு

மாமா (கொலம்பஸ்): கடைசி நிமிசத்துல எங்க பந்த புடிச்சு மேட்ச முடிச்ச பையன். ஓஹியோக்காரப் பையன் வேற. இருந்தாலும் அடிபட்டது கஷ்டமாத்தான் இருக்கு, சீக்கிரம் தேறி வரட்டும்

அண்ணன் (சிகாகோ): லவ்லேண்ட் இருக்கான், யாரு எறிஞ்சாலும் புடிச்சுக்குவான். டானவன் எட்வர்ட்ஸ் இருக்கான், ஃபைனல்ல வாஷிங்டன் மேல 41 கெஜம் 46 கெஜம்னு ரெண்டு டச் டவுன் ஓடுனவன், ஜூலைல வந்த ஈஏ ஃபுட்பால் வீடியோ கேம் அட்டைல அவன் படமும் இருக்கு. கலெல் மல்லிங்ஸ் இடிச்சுட்டு போவான். டிஃபென்ஸ் கோச்சா விங்க் மார்ட்டின்டேல் என்எஃப்எல்ல இருந்து வந்துருக்காரு. பந்த ஒதைக்கற கிக்கருக்கு ஆர்கன்ஸா ஸ்டேட்ல இருந்து ஸ்வாடா. 20 பாயின்ட் எடுத்தா போதும், மீதிய டிஃபென்ஸ் பாத்துக்கும்

நான்: அப்ப எத்தன ஜெயிப்போம்

அண்ணன் (சிகாகோ): 10-2. கப்புக்கு மோதற பிளேஆஃப்ல இந்த வருசத்துல இருந்து 12 டீம், பத்து ஜெயிச்சு ரெண்டு தோத்தா போதும்

அக்கா: நானும் 10-2. டெக்ஸஸ், யூஎஸ்சி, ஆரிகன் மூணும் நம்ம ஊர்லதான, அது ஒண்ணு பெரிய விசயம்

பெரியப்பா: மூணும் வீட்டுல வருதுங்கறது சந்தோசம், மூணும் வருதுங்கறது கஷ்டம். நான் 8-4 சொல்றேன். மனசு ஒம்பது சொல்லுது, ஆனா லைன பாக்காம வாய வுட மாட்டேன். அக்டோபர் வந்தா இந்த பசங்க ஒண்ணு சேந்துருவாங்க, டெக்ஸஸ் அதுக்கு முன்னாடியே வருதே, அதுதான்

பெரியம்மா: 31-ம் தேதி முதல் மேட்சுக்கு தாத்தாவும் வர்றாங்கதான ஸ்டேடியத்துக்கு? முட்டி வலின்னு நேத்துதான் தைலம் தேச்சாங்க, அத்தன படி எப்படி ஏறுவாங்க

பெரியப்பா: ஏறவே வேண்டாம். அது பூமிய தோண்டி கட்டுன ஸ்டேடியம், கேட்டு மேல இருக்கு, பெரும்பாலான சீட்டுக்கு எறங்கித்தான் போகணும். நம்ம சீட்டு கேட்ல இருந்து நாலஞ்சு படி கீழதான். நான் கைய புடிச்சுக்கறேன்

தாத்தா: யாரும் புடிக்க வேண்டாம். தோட்டத்துக் கெணத்துல எறங்குனவன் நானு

31 ஆகஸ்ட் 2024, சனி

அக்கா: பேண்ட் வரிசைல நிக்கப் போறோம், போன உள்ள வெச்சுடுவேன். யூனிஃபார்முக்குள்ள இப்பவே வேர்த்து ஊத்துது. குவாட்டர்பேக் யாருன்னு இன்னும் கோச் வாய தெறக்கல

பெரியம்மா: புளி சோறு பெரிய டப்பால வெச்சுருக்கேன், கார் கிட்டயே சாப்ட்டுட்டு உள்ள போங்க எல்லாரும். புள்ளைக்கும் குடுங்க

நான்: சாப்ட்டேன் பெரியம்மா, செம. ஸ்டூடன்ட் செக்ஷன்ல இருக்கேன், எல்லாரும் நின்னுட்டே இருக்காங்க, ஒக்கார மாட்டாங்க போல

மாமா (கொலம்பஸ்): நல்லா ஆடுங்க. நவம்பர் 30 வரைக்கும் நானும் உங்க பக்கம்தான்

அண்ணன் (சிகாகோ): வாரன் வர்றான்!! வாரன்தான் ஸ்டார்ட்!! டிவில காட்டிட்டாங்க

நான்: இங்க கத்தறது கேக்குதா, காதே அடைக்குது

அண்ணன் (சிகாகோ): தங்கச்சி பேண்ட்ல நிப்பா, அவளுக்கு யாராவது சொல்லுங்க. அப்பா பாத்தீங்களா

பெரியப்பா: பாத்தேன். பையனுக்கு அந்த மூணு செகண்ட் கெடைக்கணும் சாமி, வேற ஒண்ணும் வேண்டாம்

தாத்தா: அந்த அஞ்சு பேரும் வரிசையா குனிஞ்சுட்டாங்க. நான் பந்த பாக்கல கண்ணு, அவங்களத்தான் பாக்கறேன். போன வெக்கறேன்