ஓஆர்எஸ் பொட்டலக் கணக்கு இடிக்கிறது: 2.6 கிராம் உப்பில் 75 மில்லிமோல் சோடியம் எப்படி?

முதலாண்டு_நர்சிங்:

வணக்கம். உடலியல் பாடத்தில் உடல் திரவங்களும் அயனிகளும் பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது. பயிற்சிக்காக ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்கில் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1 லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9. பாடப்புத்தக அட்டவணையில் சோடியம் 75 மில்லிமோல் என்கிறார்கள். 2.6ஐ உப்பின் மூலக்கூறு எடையான 58.5ஆல் வகுத்தால் 44தான் வருகிறது. மீதி எங்கே?

இன்னும் இரண்டு சந்தேகம். சிறுகுடலில் இருக்கும் எஸ்ஜிஎல்டி1 கடத்தி 2 சோடியத்துக்கு 1 குளுக்கோஸ் என்று எடுக்கிறது. கரைசலிலோ இரண்டும் 75க்கு 75. ஏன் இந்த முரண்? அடுத்து, வயிற்றுப்போக்கு நிற்காமல் போகிறபோது குடலே கெட்டுப்போயிருக்குமே, அது எப்படி உறிஞ்சும்? வெறும் உப்புத் தண்ணீர் போதாதா?

சிறுகுடல்:

மீதி சோடியம் சிட்ரேட்டில் இருக்கிறது. பெயரிலேயே 'ட்ரை' என்று சொல்லியிருக்கிறார்கள், ஒரு மூலக்கூறுக்கு 3 சோடியம். பொட்டலத்தில் இருப்பது இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த வடிவம், மூலக்கூறு எடை 294. 2.9 ÷ 294 = கிட்டத்தட்ட 10 மில்லிமோல் சிட்ரேட், அதாவது 30 மில்லிமோல் சோடியம். உப்பின் 44ஐயும் சேர்த்தால் 74. எடைகளை முழுமையாக்கி எழுதியதால் ஒன்று குறைகிறது, அவ்வளவுதான். குளோரைடையும் இப்படியே பாருங்கள்: உப்பிலிருந்து 44, பொட்டாசியம் குளோரைடிலிருந்து 20, ஆக ஏறக்குறைய 65. குளுக்கோஸ் 13.5 ÷ 180 = 75. எல்லாம் கூட்டினால் 75 + 65 + 75 + 20 + 10 = 245 மில்லிஆஸ்மோல், அதாவது கரைந்திருக்கும் துகள்களின் மொத்த அளவு. இந்த 245ஐ மறக்காதீர்கள். இரத்தப் பிளாஸ்மா 285 முதல் 295 வரை. கரைசல் அதைவிடத் தளர்வாக இருப்பது வேண்டுமென்றே செய்தது.

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஒரு நாளில் குடலுக்குள் இறங்கும் திரவம் சுமார் 9 லிட்டர். குடிப்பதும் உணவில் வருவதும் 2 லிட்டர்தான். மற்ற 7ம் உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தம், கணையநீர், குடல்நீர் என்று உடம்பே ஊற்றுவது. மலத்தில் போவது 100 முதல் 200 மில்லி. குடலுக்குத் தண்ணீரை நேரடியாக இழுக்கும் பம்பு எதுவும் கிடையாது. உப்பும் சர்க்கரையும் செல்லைக் கடந்து அந்தப் பக்கம் போகும், தண்ணீர் சவ்வூடு பரவலால் பின்னால் போகும். எனவே சோடியத்தை நகர்த்தினால்தான் தண்ணீர் நகரும்.

சோடியம் ஏன் நகர்கிறது? உறிஞ்சும் செல்லின் இரத்தப் பக்கச் சுவரில் சோடியம்-பொட்டாசியம் பம்பு 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. செல்லின் எரிபொருளான ஏடிபி செலவாவது இங்கேதான். அதனால் செல்லுக்குள் சோடியம் 10-15 மில்லிமோல் அளவில் கிடக்கும், வெளியே 140. இந்தப் பள்ளத்தில் விழத்தான் குடல் பக்கத்துச் சோடியம் காத்திருக்கிறது. ஆனால் எஸ்ஜிஎல்டி1 வழியாக அது தனியாக நுழைய முடியாது, குளுக்கோஸ் வழித்துணைக்கு வந்தாக வேண்டும். ஓஆர்எஸ்ஸில் சர்க்கரை சேர்ப்பது தெம்புக்காக என்று பலரும் நினைக்கிறார்கள். லிட்டருக்கு 13.5 கிராம் என்பது சுமார் 54 கலோரி, அதில் என்ன தெம்பு? சோடியத்தை உள்ளே அழைத்துப் போவதுதான் அதன் வேலை.

காலராவைப் பாருங்கள். அதன் நச்சு, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றிவிடுகிறது. சிஎஃப்டிஆர் குளோரைடு வாய்க்கால் திறந்தபடியே நிற்கிறது, குளோரைடு கொட்டுகிறது, சோடியமும் தண்ணீரும் கூடவே போகின்றன. சோடியமும் குளோரைடும் சேர்ந்து உள்ளே போகிற வழக்கமான பாதையும் அடைபடுகிறது. வெறும் உப்புத் தண்ணீர் தோற்பது இதனால்தான், அது போக வேண்டிய பாதையே மூடிக்கிடக்கிறது. எஸ்ஜிஎல்டி1ஐ மட்டும் நச்சு தொடுவதில்லை. சோடியமும் குளுக்கோஸும் ஒரே கடத்தியில் சேர்ந்து போகின்றன என்பதை உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் பிராகில் முன்வைத்தார். 1971 வங்கதேசப் போரில் மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் சிரைவழித் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹாலனோபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து பீப்பாய்களில் வைத்தார், நோயாளிகளின் உறவினர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அவர் கரைசலில் சோடியம் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள், 90 வரும்.

ரோட்டா வைரஸில் கதை கொஞ்சம் வேறு. குடலுறிஞ்சிகளின் நுனிச் செல்கள் உதிர்கின்றன, ஆனால் குடல் நெடுக ஒரே சீராக அல்ல. பிழைத்த இடங்கள் போதுமான அளவு உறிஞ்சும்.

இனி 2:1. கடத்தியின் விகிதத்தைக் கரைசலிலும் வைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மேற்சிறுகுடல் ஒழுகும் சுவர், உடம்பின் சோடியமே அங்கே கசிந்து வந்து சேரும். போதாததற்கு குடல்நீரிலும் சோடியம் உண்டு. கரைசலில் குளுக்கோஸ் சோடியத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், 111 மில்லிமோலைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கும் வரம்பு அது.

பொட்டலம்:

மேலே சொன்னதோடு சிட்ரேட் பற்றி ஒரு வார்த்தை. போக்கில் பைகார்பனேட்டும் சேர்ந்து போகிறது. இரத்தத்தில் 22-26 மில்லிமோல் இருக்க வேண்டியது இறங்கும், பி.ஹெச் சரியும், நோயாளி ஆழமாக வேகமாக மூச்சுவிடத் தொடங்குவார். கார்பன் டை ஆக்சைடை ஊதித் தள்ளி அமிலத்தைக் குறைக்கும் முயற்சி அது. மூச்சுக்குழலில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். சிட்ரேட் உடலில் சிதையும்போது ஒன்றுக்கு 3 பைகார்பனேட் கிடைக்கிறது, 10 போட்டால் 30. முன்பு நேராகச் சமையல் சோடாவே போட்டார்கள். ஈரப்பதமான ஊரில் குளுக்கோஸோடு சேர்ந்து கட்டிபட்டுப் பழுப்பாகிவிடும். 1984இல் சிட்ரேட்டுக்கு மாற்றியது பெரும்பாலும் இந்தக் கெட்டுப்போகும் தொல்லையால்தான்.

பொட்டாசியம் 20 இருப்பது, மலத்தில் பொட்டாசியமும் போவதால். குறைந்தால் தசை தளரும், குடல் அசைவு மந்தமாகி வயிறு உப்பும்.

2002க்கு முந்தைய பொட்டலம் 311 மில்லிஆஸ்மோல், சோடியம் 90, குளுக்கோஸ் 111. பழைய புத்தகத்தில் அந்த எண்கள் இருந்தால் குழம்ப வேண்டாம். 245க்கு இறக்கியதில் குழந்தைகளுக்குச் சிரைவழித் திரவத் தேவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, மல அளவு சுமார் 20 சதவீதம், வாந்தி சுமார் 30 சதவீதம்.

தப்பு நடப்பது கலக்கும் இடத்தில். 20.5 கிராம் பொட்டலம் 1 லிட்டருக்கானது. அதை 200 மில்லி டம்ளரில் கொட்டினால் 5 மடங்கு அடர்த்தி: 1225 மில்லிஆஸ்மோல், சோடியம் 375. தண்ணீர் உள்ளே போவதற்குப் பதில் உடம்பிலிருந்து குடலுக்கு இறங்கும், போக்கு கூடும், இரத்தச் சோடியம் ஏறும், குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் கடையில் உண்டு, பின்பக்கம் படித்துவிட்டுப் பிரியுங்கள். பெரிய பொட்டலத்தைக் கண்ணளவில் பாதியாக்குவதும் சரியில்லை, பொடிகள் சீராகக் கலந்திருக்காது, பாதி எடையில் பாதி உப்பு வந்ததா என்று தெரியாது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும், கரைத்தபிறகு கொதிக்கவைக்கக் கூடாது. பால், பழச்சாறு, சோடா எதிலும் கலக்காதீர்கள். 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

முதலாண்டு_நர்சிங்:

மிக்க நன்றி, இப்போது கணக்கு உதைக்கவில்லை. பொட்டலம் கிடைக்காத வீட்டில் என்ன சொல்வது? இளநீர் கொடுத்தால் போதும் என்கிறார்கள். கூடவே, "ஓஆர்எஸ் கொடுத்தும் போக்கு நிற்கவில்லை" என்று கேட்டால் என்ன பதில்?

கிராமநலம்:

கடைசிக் கேள்வியைத்தான் தாய்மார்கள் அதிகம் கேட்பார்கள். ஓஆர்எஸ் போக்கை நிறுத்தும் மருந்து அல்ல, போன நீரையும் உப்பையும் ஈடுகட்டுவது. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது டம்ளரோடு நிறுத்திவிடுவார்கள்.

வீட்டுக் கரைசல்: 1 லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய டீஸ்பூனால் 6 சர்க்கரை, அரை டீஸ்பூன் தூள் உப்பு. சர்க்கரை சுமார் 25 கிராம், சோடியம் சுமார் 50 மில்லிமோல். குடல் சுவரில் சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிகிறது, ஃப்ரக்டோஸ் சோடியத்தைச் சேர்த்து எடுக்காது, வேறு கதவு. கல் உப்பை ஸ்பூனால் அளக்காதீர்கள், பரல்களுக்கு நடுவே காற்றிடம் இருப்பதால் அளவு பிசகும். பொடித்துவிட்டு அளக்கலாம். கலக்கியதும் நாக்கில் வையுங்கள், கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டும். "கொஞ்சம் தித்திப்பாக இருந்தால் குழந்தை குடிக்கும்" என்று சர்க்கரையைக் கூட்டுவதும் பொட்டலத்தை டம்ளரில் கொட்டுவதைப் போன்ற தவறுதான். இதில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் இல்லை, எனவே பொட்டலம் வரும் வரைக்கும்தான்.

உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்லது. மாவுச்சத்து மெல்ல மெல்லக் குளுக்கோஸாக உடைவதால் கரைசல் அடர்த்தியாகாது. இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் போதாது. இடையில் குடிக்கலாம், ஓஆர்எஸ்ஸுக்கு மாற்றாகாது, சிறுநீரக நோயாளிக்கு வேண்டவே வேண்டாம். பழச்சாறு டப்பாக்களில் ஓஆர்எஸ் என்று அச்சிட்டு விற்றதை 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தடுத்தது. அந்தப் பழக்கம் இன்னும் வீடுகளில் இருக்கும், டப்பாவைப் பார்த்தால் கேட்டுவிடுங்கள்.

அளவு: 2 வயதுக்குள் ஒவ்வொரு போக்குக்கும் 50-100 மில்லி, அதற்கு மேல் 100-200. நீர்வற்றல் ஓரளவு தெரிந்தால் மருத்துவமனைக் கண்காணிப்பில் 4 மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மில்லி. வாந்தியெடுத்தால் 10 நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. துத்தநாகம் 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், கீழே 10, போக்கு நின்றாலும் 14 நாள். துவண்டு போனாலோ, குடிக்கவே முடியாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ, 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லையென்றாலோ கலக்கிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு.

சிறுகுடல்:

துத்தநாகத்தை ஓஆர்எஸ்ஸிலேயே கரைத்துவிடலாமா என்று அடுத்துக் கேட்பார்கள். வேண்டாம். குழந்தை நாள் முழுக்க எவ்வளவு குடிக்கும் என்று தெரியாது, மாத்திரையின் அளவும் அதோடு ஏறி இறங்கும். ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ தனியாகக் கரைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.