1773 பாஸ்டன் வீடு: மேடையில் எத்தனை மெழுகுவர்த்தி வைக்கலாம்?

சாட்ஸ்வொர்த் மேடை:
வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில், பள்ளி வரலாற்று நாளுக்கு 20 நிமிட நாடகம் போடுகிறோம். 1773 நவம்பர் கடைசி, பாஸ்டனில் ஒரு தச்சர் வீட்டுச் சமையலறை, பொழுது சாய்ந்த நேரம். மேசை, சன்னல், மாடம் எல்லாவற்றிலுமாகப் பத்து மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று அரங்கம் அமைப்பவர் சொல்கிறார். சரிதானா? லோட் ஷெடிங்குக்கு (மின்வெட்டுக்கு) வாங்கிய வெள்ளை மெழுகுவர்த்தி ஒரு பெட்டி கையில் இருக்கிறது. வீட்டுப் பெண்கள் மெழுகுவர்த்தி செய்வதையும் தேநீர் குடிப்பதையும் காட்ட ஆசை.

திரிநூல்:
பத்தா! தச்சர் வீட்டில் ஒன்று எரிந்தாலே அதிகம். மாலை வெளிச்சம் பெரும்பாலும் கணப்படுப்பிலிருந்துதான். ஆகவே மேடை விளக்கைத் தாழ்வாக, செம்மஞ்சளாக, ஒரே பக்கத்திலிருந்து விடுங்கள். மேசைமேல் ஒரு வர்த்தி, அதைச் சுற்றியே எல்லாரும் நெருங்கி உட்காரட்டும்.

கடை மெழுகுவர்த்தியின் உருவத்தைவிடத் திரிதான் காட்டிக்கொடுக்கும். இன்றைய திரி பின்னல் திரி. எரிய எரிய வளைந்து, சுடரின் ஓரத்துக்குப் போய்த் தானே சாம்பலாகிவிடும். அது 19ஆம் நூற்றாண்டில் வந்தது. 1773இல் இருந்தது வெறும் முறுக்குநூல். அது நேராக நின்று கருகும். கரிமொட்டு நீண்டால் சுடர் புகையும், பக்கவாட்டில் கொழுப்பு வழியும், வெளிச்சம் பாதியாகும். அதனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது எழுந்து கரியை நறுக்க வேண்டும். அதற்கென்றே ஒரு கத்தரி உண்டு. ஓர் அலகில் சிறு பெட்டி இருக்கும், நறுக்கிய கரி அதற்குள் விழும். வசனத்தின் நடுவில் ஒரு பெண் பேச்சை விடாமல் எழுந்து திரி நறுக்கிவிட்டு உட்காரட்டும். பத்து வர்த்தி காட்டாத காலத்தை இது காட்டிவிடும்.

செய்முறைக்கு உங்கள் மாதம் நன்றாகப் பொருந்துகிறது. குளிருக்கு முன் கால்நடைகளை அறுத்த பிறகுதான் கொழுப்பு கிடைக்கும். மாட்டுக் கொழுப்போடு ஆட்டுக் கொழுப்பு சேர்த்தால் கெட்டிப்படும், பன்றிக் கொழுப்பு இளகிப் புகையும். நம் பள்ளி மண்டபத்தில் மாட்டுக் கொழுப்பு காய்ச்ச யாரும் விடமாட்டார்கள், மணமும் தாங்காது. பாராஃபின் மெழுகு எடுங்கள்.

உயரமான பாத்திரத்தில் மெழுகை இட்டு, அதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி உருக்குங்கள். நேரடி நெருப்பு கூடாது. 70 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். பருத்தி நூலை இரண்டாக மடித்து முறுக்கி, ஒரு கம்பில் ஆறு திரியை ஐந்து செ.மீ. இடைவெளியில் தொங்கவிடுங்கள். முதல் முக்கலில் குமிழி நிற்கும்வரை ஊறவேண்டும். வெளியே எடுத்ததும் விரலால் இழுத்து நேராக்குங்கள். இதை விட்டால் வர்த்தி கடைசிவரை கோணல்தான். அப்புறம் இரண்டு விநாடி முக்கல், சில நிமிடம் ஆறல். 25 தடவையாவது ஆகும். மெழுகு சூடு மிஞ்சினால் முன்பு படிந்ததும் கரைந்து போகும். சூடு குறைந்தால் கட்டிகட்டியாக ஒட்டும். மெழுகு குறையக் குறைய வெந்நீர் ஊற்றினால் நீர் அடியில் போய் மெழுகை மேலே தூக்கிக் கொடுக்கும். அன்றும் இதே உத்திதான்.

முழுவதையும் மேடையில் செய்ய நேரமிராது. பாதி தடித்த வர்த்திகளை முன்னமே தயார் செய்து, கடைசி இரண்டு முக்கலை மட்டும் காட்டுங்கள்.

சாட்ஸ்வொர்த் மேடை:
நன்றி. வர்த்தியைத் தீக்குச்சியால் ஏற்றலாமா?

திரிநூல்:
கூடாது. உரசிப் பற்றும் குச்சி விற்பனைக்கு வந்தது 1827இல். கணப்பிலிருந்து ஒரு சிராயில் நெருப்பெடுத்தால் போதும். இரவில் நெருப்புக் கங்குகளைச் சாம்பலால் மூடி வைப்பார்கள். அணைந்துவிட்டால் அண்டை வீட்டில் கங்கு வாங்க ஆள் ஓடும், இல்லையேல் சிக்கிமுக்கிக் கல்லும் எஃகும். பொறி விழும் கரித்துணி (கருக்கிய துணி) துளி ஈரமானாலும் பற்றாது.

பட்டுக்கரை:
தேநீர்க் காட்சிக்கு: செங்கல்போல் அழுத்திய தேயிலையைப் படங்களில் பார்த்து வைத்துவிடாதீர்கள். பிரிட்டனின் தேயிலை வரியை எதிர்த்து டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டிய 342 பெட்டியிலும் இருந்தது உதிரி இலை. எல்லாம் சீனத் தேயிலை, பெரும்பகுதி போகி என்ற மலிவான கறுப்பு வகை. நம் நீலகிரித் தேயிலையெல்லாம் அப்போது கிடையாது. கிண்ணத்துக்குக் கைப்பிடி வேண்டாம். சர்க்கரை கூம்பு வடிவில், நீலத்தாள் சுற்றி வரும். இடுக்கியால் வெட்டிப் போடுவார்கள். முதல் தேயிலைக் கப்பலான டார்ட்மவுத் நவம்பர் 28 அன்று வந்தது. உங்கள் காட்சி அதற்குப் பிறகென்றால், அந்த வீடு வரியை எதிர்க்கும் கட்சியா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். தேநீரை மறுக்கும் வீடானால் காப்பியோ சேஜ் என்ற மூலிகை இலைக் கசாயமோ கொடுங்கள்.

துணியில்தான் நமக்குப் பெருமைப்பட இடம். சோழமண்டலக் கரையில் எழுதிய பூத்துணி பாஸ்டன் போன்ற அமெரிக்க நகரங்களில் விற்றது. பிரிட்டன் தன் நாட்டில் அதை உடுத்தத் தடை போட்டது, ஆனால் மறு ஏற்றுமதிக்கு வழிவிட்டது. சென்னைக் கோட்டையில் ஆளுநராயிருந்த எலைகு யேல் 1718இல் கனெக்டிகட் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பிய சரக்கு 562 பவுனுக்கு விற்றது. அதற்காகத்தான் கல்லூரிக்கு அவர் பெயர். தச்சர் மனைவி தினமும் பூத்துணி கட்டியிருக்கமாட்டார். கம்பளியும் லினனும் போடுங்கள், நல்ல உடுப்பில் மட்டும் ஒரு பூப்போட்ட கழுத்துத்துணி. மேலுடுப்பு முன்பக்கம் குண்டூசியால் குத்தப்படும். சேஃப்டி பின் தெரியக்கூடாது, அது 1849இல் வந்தது.

கரும்புக்காடு:
ஒன்று கேட்கிறேன். தண்ணீர் சுமப்பவர் யார்? "வேலைக்காரர்" என்று பொதுவாக எழுதி நழுவாதீர்கள். அன்றைய பாஸ்டனில் அடிமைகளான கறுப்பினத்தவர் உண்டு. பிலிஸ் வீட்லி பாஸ்டன் வீடொன்றில் அடிமையாக இருந்தபோதுதான், அதே 1773இல் அவர் கவிதைகள் லண்டனில் அச்சேறின. ஒப்பந்த வேலைக்காரர் வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் 4 முதல் 7 ஆண்டு, பிறகு விடுதலை. 1860இல் நம் இந்தியர் இங்கே நேட்டாலுக்கு வந்ததும் ஒப்பந்தத்தில்தான், ஐந்தாண்டு. பார்வையாளர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுவார்கள், வசனத்திலேயே பிரித்துக் காட்டுங்கள்.

சாட்ஸ்வொர்த் மேடை:
சரிதான், மாற்றுகிறேன். கடைசியாக, கடனைப் பற்றி ஒரு வசனம் இருக்கிறது. "ஒரு டாலர்" என்று சொல்லலாமா?

பட்டுக்கரை:
சொல்லலாம், ஆனால் அது ஸ்பானிய வெள்ளிக்காசு. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸில் ஆறு ஷில்லிங், நியூயார்க்கில் அதே காசு எட்டு ஷில்லிங். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். 1961இல் ராண்ட் வருமுன் இங்கேயும் பவுன், ஷில்லிங்தான்; அப்போது கடைக்குப் போன தாத்தா பாட்டி யாராவது இருந்தால் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கை அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள்.