சர்வே, ட்ரையல் ஆஃபர்: மாசம் ரெண்டாயிரம் தேறுமா?

கோட்டையூர்க்காரி:
வீட்டில் பலகாரம் போட்டு விற்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண ஆர்டர் இல்லாமல் கை சும்மா இருக்கிறது. ஆன்லைனில் சர்வே எழுதினால் காசு, ஆப்பை ஒரு வாரம் இலவசமாக எடுத்துப் பார்த்தால் நூறு இருநூறு தருவார்கள் என்று சொல்கிறார்கள். தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம். மாசம் ரெண்டாயிரம் வருமா? பாதி சர்வேயில் வெளியே தள்ளிவிடுவது ஏன்? ட்ரையலுக்கு யூபிஐ கேட்கிறார்களே, கொடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செக்காலை:
ரெண்டாயிரத்தை நம்பி எந்தச் செலவையும் திட்டமிடாதீர்கள் அக்கா. நேரக் கணக்கை முதலில் பாருங்கள். நாலு சர்வே திறக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒன்று 5 நிமிடத்திலும் இன்னொன்று 8 நிமிடத்திலும் வெளியே அனுப்பிவிடும். மற்ற இரண்டும் 20, 25 நிமிடத்தில் முடிந்து 30, 35 ரூபாய் தருகின்றன. மொத்தம் 58 நிமிடம், 65 ரூபாய். இதுவே நல்ல நாள் கணக்கு. தினமும் நாலு சர்வே கிடைப்பதும் இல்லை.

வெளியே தள்ளுவதற்குக் காரணம் கோட்டா. கம்பெனிக்கு, கார் வைத்திருக்கும் 30 முதல் 40 வயது ஆண்கள் 200 பேர் வேண்டும் என்றால், ஆரம்பத்தில் வயது, வருமானம், வீட்டுச் சாமான் என்று கேட்பது அந்தச் சல்லடைதான். 200 நிறைந்துவிட்டால் பொருத்தமானவரையும் அனுப்பிவிடும். அதனால் அழைப்பு வந்தவுடனே திறங்கள். சுயவிவரப் பக்கத்தை முழுசாக நிரப்பி வைத்தால் சம்பந்தமில்லாத அழைப்பு குறையும்.

நடுவில் தள்ளுவது வேறு காரணம். "இந்த வரியில் மூன்றாவது விடையைத் தேர்ந்தெடுக்கவும்" என்று ஒரு கேள்வியை நுழைத்து வைப்பார்கள். வாசிக்காமல் தட்டிக்கொண்டே போனால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். எல்லாக் கேள்விக்கும் ஒரே கட்டத்தைத் தொடுவது, 20 நிமிட சர்வேயை 4 நிமிடத்தில் முடிப்பது, போன வாரம் இரண்டு பிள்ளை இந்த வாரம் ஒரு பிள்ளை என்று மாற்றிச் சொல்வது எல்லாம் பதிவாகும். காரைக்குடி 630001 என்று பின்கோடு போட்டுவிட்டு ஊர் சென்னை என்று சொன்னாலும் அப்படித்தான். காசு அதிகம் என்று, இருக்கும் ஊரை மறைக்கும் விபிஎன் போட்டு அமெரிக்காக்காரராக நுழையச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். காசாக மாற்றும் புள்ளி சேரும்வரை விட்டுவிட்டு, பணம் எடுக்கும்போது கணக்கை முடக்குவார்கள். ஒரே வீட்டு வைஃபையில் இரண்டு பேர் ஒரே தளத்தில் சேர்ந்தாலும் இரட்டைக் கணக்கு என்று நிறுத்துவது உண்டு. பல தளங்களில் வீட்டுக்கு ஒரு கணக்குதான்.

சேருமுன் குறைந்தபட்சம் எவ்வளவு சேர்ந்தால் எடுக்கலாம், எந்த வடிவில் தருவார்கள், புள்ளி எப்போது காலாவதி என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள். கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் நம்பகமானது, ஆனால் ஆண்ட்ராய்டில் தருவது ப்ளே ஸ்டோர் கிரெடிட். அதை வைத்து மளிகை வாங்க முடியாது.

தேவகோட்டைப் பேரேடு:
ட்ரையல் பற்றி நான் சொல்கிறேன். புதிய ஆள் ஒருவரைச் சேர்த்துவிட்டால் அந்த ட்ரையலை உங்களுக்குக் காட்டும் ஆஃபர் தளத்துக்கு ஆப் கம்பெனி கமிஷன் தருகிறது. அதில் ஒரு பங்குதான் உங்களுக்கு வருவது. அதனால் நீங்கள் அந்த லிங்க் வழியாக வந்தது பதிவானால்தான் காசு. விளம்பரத் தடுப்பானை நிறுத்துங்கள். முன்பே அந்த ஆப்பைப் போட்டிருந்த போன் வேண்டாம். லிங்கைத் தொட்டது முதல் பதிவு முடியும்வரை வேறு பிரவுசருக்குத் தாவாதீர்கள். நிபந்தனைப் பக்கத்தையும் பதிவான பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புள்ளி ஏறவில்லை என்றால் கேட்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

தானாகவே பணம் பிடிக்க அனுமதி கேட்கும் யூபிஐ ஆட்டோபே திரையில் கொஞ்சம் நில்லுங்கள். மேலே பெரிதாக ₹1 அல்லது ₹2 என்று இருக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில் அதிகபட்சத் தொகை, எத்தனை நாளுக்கு ஒரு முறை, எந்தத் தேதிவரை என்ற விவரம் இருக்கும். மாசக் கட்டணம் 149 என்று விளம்பரம் சொன்னாலும் அங்கே அதிகபட்சம் 1,500 என்று இருக்கலாம். நீங்கள் பின் போடுவது அந்த 1,500க்குத்தான். அதன்பிறகு நீங்கள் ஒப்புக்கொண்ட அதிகபட்சத்துக்குள், ஒரு முறைக்கு 15,000 ரூபாய்வரை பின் கேட்காமலே பிடிக்க முடியும். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த எஸ்எம்எஸ் விளம்பரக் குவியலில் கிடந்தால் கண்ணில் படாது. ட்ரையல் முடிவதற்கு இரண்டு நாள் முன்பே போனில் அலாரம் வையுங்கள்.

பலரும் பணத்தை விடுவது ரத்து செய்யும் இடத்தில்தான். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோர் வழியாக எடுத்தது என்றால் சுயவிவரப் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போய் அங்கே ரத்து செய்யுங்கள். நேரே யூபிஐயில் எடுத்தது என்றால் ஆப்புக்குள் சந்தாவையும் ரத்து செய்து, ஜிபேயிலோ போன்பேயிலோ ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த உத்தரவையும் ரத்து செய்ய வேண்டும். இரண்டும் வேண்டும்.

சில ஆஃபர்களில் முதல் கட்டணம் பிடித்த பிறகுதான் புள்ளி. 250 வரவு, 149 பற்று என்றால் நிகரம் 101. அதுவும் புள்ளி உறுதியாக ஒரு மாதம் ஆகலாம். அதற்குள் இரண்டாவது 149 போனால் நட்டம். ஒரு நோட்டில் சேர்ந்த தேதி, ரத்து செய்ய வேண்டிய தேதி, வர வேண்டிய தொகை, வந்த தொகை என்று பேரேடு மாதிரி எழுதுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு ட்ரையலுக்கு மேல் வேண்டாம்.

ரத்து செய்யும் பொத்தானையே ஒளித்து வைப்பதை 2023ல் மத்திய அரசு கொண்டுவந்த டார்க் பேட்டர்ன் (ஆளை ஏமாற்றும் திரை வடிவமைப்பு) வழிகாட்டுதல், சந்தாப் பொறி என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915.

கோட்டையூர்க்காரி:
ரொம்ப நன்றி. இன்னொன்று. ஒரு டெலிகிராம் குரூப்பில் ஹோட்டலுக்கு ஸ்டார் போட்டதற்கு 150 ரூபாய் நிஜமாகவே வந்தது. இப்போது ஆயிரம் கட்டினால் 1,300 தருகிறோம் என்கிறார்கள்.

கல்லுக்கட்டி:
கட்டாதீர்கள் ஆச்சி. இப்போதே வெளியே வந்துவிடுங்கள். அந்த 150 தூண்டில் புழு. ஆயிரத்துக்கு 1,300 திரும்பவும் வரும். அடுத்து ஐயாயிரம், அப்புறம் இருபதாயிரம். அங்கே "வேலையைத் தப்பாக முடித்துவிட்டீர்கள், இன்னொரு செட் கட்டினால்தான் கணக்கு திறக்கும்" என்பார்கள். திரையில் லட்சம் இருப்பதாகக் காட்டும். எடுக்கப் போனால் 30 சதவீதம் வரி முன்கூட்டிக் கட்டு என்பார்கள். எந்த வரியும் தனிநபர் யூபிஐக்குப் போவதில்லை. சர்வே கம்பெனி உங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்காது.

உங்களுக்கு வரும் பணமும் ஆபத்து. அது இன்னொருவர் ஏமாந்து அனுப்பியதாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்தால் உங்கள் வங்கிக் கணக்கும் முடங்கும். பலகார வியாபாரப் பணம் அதே கணக்கில்தானே வருகிறது? கமிஷன் தருகிறோம், உங்கள் கணக்கைக் கொடுங்கள் என்று கேட்டால் அறவே கூடாது, அது குற்ற வழக்கு.

யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930ஐ அழையுங்கள். யூபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை கையில் இருக்கட்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்த முடிந்தால்தான் மீட்கலாம். டெலிகிராம் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

செக்காலை:
மேலே சொல்ல விட்டது. வெளிநாட்டுத் தளங்கள் பேபால் என்ற இணையப் பணச் சேவையில் தருகின்றன. இந்தியாவுக்குள் பணம் அனுப்பும் சேவையை பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருவதை வாங்கலாம், பான் கட்டாயம். டாலரை மாற்றும்போது கொஞ்சம் கழியும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. வங்கியில் இனிஷியலோடு பெயர், பானில் அப்பா பெயர் முழுசாகக் கடைசியில் ஒட்டியிருக்கும். சர்வே தளத்தில் மூன்றாவது விதமாகக் கூப்பிடு பெயரைப் போட்டுவிட்டு, பணம் எடுக்கும்போது பெயர் பொருந்தவில்லை என்று நிற்கும். முதல் நாளே பானில் உள்ள எழுத்துக்கூட்டல் அப்படியே இருக்கும்படி பதிவு செய்யுங்கள்.